அம்மாவின் உணவுத் தாளில் கோவைக்காய் எங்கே?

தமிழ்நாட்டின் நீரிழிவு மருத்துவர்களுக்கும் உணவியல் வல்லுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை நோய் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. ரேஷன் அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். நோய் தெரிந்த அன்று ஒரு மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியல் அது. காலை, ஓட்ஸ் கஞ்சி ஒரு கப். பதினொரு மணிக்குப் பாதி ஆப்பிள். மதியம் இரண்டு சப்பாத்தி, வேகவைத்த ப்ராக்கோலி. மாலையில் கிரீன் டீ. 'சோறு' என்ற சொல்லுக்கு எதிரே 'தவிர்க்கவும்' என்று மட்டும் இருக்கிறது.

திருமங்கலத்தில் பிறந்து, இட்லியும் சோறுமாக வளர்ந்து, எட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்ட ஒருவரிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? மடித்து வைப்பார். அம்மாவும் அதைத்தான் செய்தார். தாளில் ஒரு குற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதில் எங்கள் வீட்டு அடுப்படி இல்லை. கோவைக்காய் இல்லை, அவரைக்காய் இல்லை, கொத்தவரங்காய், வாழைப்பூ, சுண்டைக்காய், முருங்கைக்கீரை எதுவுமே இல்லை.

நீங்கள் சொல்லாமல் விட்டதை வேறு யார் யாரோ சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், கைபேசியில் வந்த காணொளி சொன்னது, பேருந்து நிலையத்தில் பொடி விற்றவர் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அம்மா வழக்கம்போல் சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு, அதுவே போதும் என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். துணி காயப்போடப் போனவர் கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரவிக்கை முழுக்க வியர்வை. நாக்குக் குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52க்கு இறங்கியிருந்தது. நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

பாகற்காய் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை 14 ஆண்டுகளாக யாரும் அம்மாவின் தாளில் எழுதித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். அம்மாவும் கேட்டதில்லை. "நாட்டு வைத்தியம்" என்று சொன்னால் டாக்டர் திட்டுவார் என்ற பயம். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இந்தக் காய்களைப் பற்றி அறிவியலுக்கு எதுவும் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெந்தயத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, நாளொன்றுக்கு 100 கிராம். பிற்பாடு 25 கிராம் அளவிலும் ஆராய்ந்தார்கள். எங்கள் வீட்டில் இரவில் ஊறப்போடுவது ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 4 கிராம். அதிலும் பாதி வீடுகளில் ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கீழே கொட்டிவிடுகிறார்கள். குடலில் பிசினாகி, சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும் நார்ச்சத்து அந்த விதையில்தானே இருக்கிறது! இதைச் சொல்ல உங்களுக்கு அரை நிமிடம் போதும்.

கோவைக்காயையும் பாருங்கள். பெங்களூரில் புதிதாக நோய் கண்ட 60 பேரிடம், பாதிப் பேருக்குக் கோவையின் சாரத்தை 90 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 16 சதவீதம் இறங்கியது. சிறிய ஆய்வுதான், கொடுத்ததும் பொரியல் அல்ல, சாரம். ஆனாலும் நம் சந்தையில் கூறு கட்டி விற்கும் ஒரு காய்க்கு இவ்வளவு பின்னணி இருக்கும்போது பட்டியலில் அதற்கு ஓர் இடம் கிடைக்கக் கூடாதா? பாகற்காய்க்கு நிலைமை வேறு. உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே 2012இல் எழுதியது. அதையும் அப்படியே சொல்லுங்கள். பாகற்காய் மருந்தல்ல, ஆனால் சோற்றின் இடத்தைப் பிடிக்கிற நல்ல காய் என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியும்.

கேழ்வரகைப் பற்றி நான் அதிகம் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதில்தான் அதிகம். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு, "ராகி சாப்பிட்டால் சுகர் வராது" என்பது வேதவாக்காகிவிட்டது. அம்மாவும் காலையில் ஒரு செம்பு கேழ்வரகுக் கூழ் குடித்து வந்தார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 240க்குக் குறையவில்லை. அதே மாவில், அதே அளவு எடுத்து, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு அடை தட்டிக் கொடுத்தேன். தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். அன்று 178. ஒரு வீட்டின் கணக்கை ஆராய்ச்சி என்று நான் சொல்ல வரவில்லை. நைசாக அரைத்த மாவைக் குழைய வேகவைத்துக் குடித்தால் அது எந்தத் தானியமானாலும் மடமடவென்று சர்க்கரையாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களுக்கு அதை யார் சொல்வது? கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இனிப்பே இல்லை என்பதுபோல் கடைகளில் விற்கிறார்களே, அதற்கும் ஒரு வரி வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதன் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரித் தட்டில் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி இருக்க வேண்டும் என்கிறது. அம்மாவின் தட்டை ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். மலை போன்ற சோற்றின் ஓரத்தில் 60 கிராம் பொரியல்.

ஆகவே நான் கேட்பது இதுதான். புதிய தாள் ஒன்று எழுதுங்கள். கிராமிலும் கலோரியிலும் அல்ல, எங்கள் கரண்டியில் எழுதுங்கள். சோற்றைத் தவிர்க்கச் சொல்லாமல் எத்தனை கரண்டி என்று சொல்லுங்கள். காயை முதலில் தின்றுவிட்டுச் சோற்றில் கை வைத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்பதையும் சேருங்கள். எந்த மாத்திரை போடுபவர் வேளை தவறக் கூடாது, சிறுநீரகம் பழுதானவர் கீரையையும் வாழைத்தண்டையும் உங்களைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்பவை பெரிய எழுத்தில் வரட்டும். தருமபுரிக்காரருக்குக் கேழ்வரகுக் களி, தஞ்சாவூர்க்காரருக்குச் சோறு, நாகர்கோவில்காரருக்கு மரவள்ளிக்கிழங்கு என்று ஊருக்கு ஊர் மாறினால் இன்னும் நல்லது. அந்தந்த ஊரில் சமைக்கிற பெண்களை அழைத்து உட்கார வைத்து எழுதினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று. நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டதும் 1999ஆம் ஆண்டு அதே நவம்பர் 14இல்தான். ஆண்டுதோறும் அன்று அரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறீர்கள். இந்த ஆண்டு காலை ஆறு மணிக்கு உழவர் சந்தைக்கு வாருங்கள். பையோடு வருகிறவர்களிடம், எந்தக் காயை எவ்வளவு, எப்படிச் சமைப்பது என்று அங்கேயே நின்று பேசுங்கள். அம்மாவை நான் அழைத்து வருகிறேன்.

அம்மாவின் பழைய தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டில் ஒரு வாரம் சமைப்பதையும் அதன் அளவுகளையும் அதில் எழுதியிருக்கிறேன். திங்கள்: இரண்டு கரண்டிச் சோறு, கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி ஒரு கிண்ணம், மோர். செவ்வாய்: சுண்டைக்காய் வற்றல் குழம்பு, கீரை மசியல். இப்படி ஏழு நாளுக்கும் இருக்கிறது. அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது உங்கள் மேசையில் வைப்பேன். தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் திருத்திக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் மகள்,
திருமங்கலம்.