பனங்கொட்டையும் வட்ஸ்அப் காசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘வீட்டிலிருந்தே மாதம் ஒரு லட்சம்’ என்று வட்ஸ்அப்பில் வந்ததை நம்பி எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் இருவர் காசு கட்டிவிட்டார்கள். ஆள் சேர்த்தால்தான் வருமானம் என்றால் அது பிரமிட் திட்டம். இலங்கையின் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டப்படி அதை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். ஆள் சேர்த்த பிள்ளைகளும் மாட்டுப்படலாம்.

மேல்வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது. ஆனால் வளவில் கிடக்கும் பனங்கொட்டையை யாரும் பார்ப்பதில்லையே! பொறுக்கிப் பாத்தி போட்டுவிட்டால் மாரிமழையே தண்ணீர் ஊற்றும். தை, மாசியில் பனங்கிழங்கு. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல், ஒடியலை இடித்தால் கூழுக்கு மா. மூன்று வருடமாகச் செய்கிறேன். கிழங்கு கிண்டும் நாட்களில் முதுகு முறியும், சரி. கடைசி மகளின் ரியூசன் காசு அதிலிருந்துதான் போகிறது. வெளிநாட்டில் சொந்தம் உள்ளவர்கள் வீடு தேடி வந்து வாங்குகிறார்கள்.

பனை அபிவிருத்திச் சபை சனசமூக நிலையங்களில் பொதிசெய்யும் பயிற்சி வைத்தால் பெரிய உதவி. வாற ஆவணிக்கு முன் வைக்கட்டும்.

ஒரு தாய்,
கோண்டாவில்.