எந்தப் பவுனுல கணக்கு பாக்குற மகன்?

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுறது,

வொய்ஸ் போடலாம்னுதான் பாத்தேன், ஆனா வொய்ஸ் போட்டா அப்பா பக்கத்துல வந்து ஒக்காந்துக்கிட்டு அப்பிடி இல்ல டீச்சர் இப்பிடி இல்ல டீச்சர்னு குறுக்க குறுக்க பேசுவாரு, அதனால அவரு தலவாக்கலைக்கு போன நேரமா பாத்து டைப் பண்றேன். நடுவுல சோறு வடிக்கணும், கரன்ட் வேற காலையில இருந்து வந்து வந்து போவுது, அதனால முன்ன பின்ன இருந்தா நீயே சேத்து படிச்சுக்க.

மருமக எல்லாத்தையும் சொல்லிட்டா. அவள ஏசாத, நானா கேட்டுதான் சொன்னா. அங்க இங்கிலாந்துல வீட்டுக்கு டெபொசிட் கட்ட சேத்து வச்ச சல்லியில 4500 பவுன் எடுத்து பாதி கழட்டிப்போட்ட எம்ஜிபின்னு ஒரு பழைய காரு வாங்கப் போறியாம், இன்னும் ஒரு 10,000 பவுன் போட்டு செஞ்சு எடுத்தா 20,000க்கு விக்கலாமாம், இன்வெஸ்ட்மென்டாம். நீ அப்பாவுக்கு அனுப்பின எக்செல் ஷீட்டையும் நான் பாத்துட்டேன். நீயும் அப்பாவும் ராவு பத்து மணிக்கு மேல வாட்ஸ்அப்ல கிசுகிசுக்குறது எனக்கு தெரியாதுன்னு ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க.

நான் 31 வருசம் தோட்டத்து ஸ்கூல்ல கணக்கு படிச்சு குடுத்தவ. அந்த ஷீட்ட பாத்ததும் கண்ணுல பட்டது ஒண்ணுதான், கூலிக்குன்னு ஒரு வரியே அதுல இல்ல. பெயின்ட் இருக்கு, டயர் இருக்கு, குரோம் இருக்கு, சீட் இருக்கு, நீ வேலை செய்யப்போற சனி ஞாயிறு எங்க? 1000 ரூபா நாள் சம்பளத்துக்கு நம்ம சனம் எத்தன வருசம் ரோட்டுல ஒக்காந்து கத்துச்சு, 2021லதான் வந்து சேந்துச்சு, அப்பிடி இருக்குற எடத்துல பொறந்த புள்ள கூலிய கணக்குல எழுத மறக்கலாமா. அங்க கராஜ்ல மணித்தியாலத்துக்கு 60 பவுன் கேக்குறாங்கன்னு நீதான் ஒருவாட்டி சொன்ன. காருக்கு 600 மணித்தியாலம்னு வச்சாலே 36,000 பவுன் வருது, செஞ்சு முடிச்ச காரு போற வெலையே நீ எழுதியிருக்குறபடி 20,000தான். நானே செய்வேன் கூலி எனக்கு ஃப்ரீன்னு சொல்லுவ. அதுவும் ஃப்ரீ இல்ல, மருமகளும் பேத்தியும் குடுக்குற கூலி அது. சரி அத விடு, அத எழுதினா நான் அழுதுருவேன், கணக்குக்கே வர்றேன்.

நம்ம டிடி கார வித்துதானே என்னை படிக்க அனுப்புனீங்க, அப்ப அது லாபம்தானேன்னு மருமககிட்ட சொன்னியாம். அதுக்காகத்தான் இந்த கடிதமே. அந்தக் கதைய அப்பா சொல்லி சொல்லி நீயும் நம்பிட்ட, இத்தன வருசமா நானும் பேசாம இருந்துட்டேன்.

அலுமாரி மேல பழைய சீ.ஆர் கொப்பி ஒண்ணு இருக்குல்ல, பச்ச மட்ட, அது அந்தக் காரோட கணக்கு. 1998ல லிந்துலை பக்கம் ஒரு தோட்டத்து உர ஸ்டோருக்குள்ள கெடந்துச்சு அது. 1952 எம்ஜி டிடி. யாரோ ஒரு சின்ன தொரை ஓட்டினது, 75ல வெள்ளக்கார கம்பெனித் தோட்டத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்தப்ப அவரு தேயிலை ஃபெக்டரி டீமேக்கருக்கு குடுத்துட்டு போயிட்டாராம். டீமேக்கர் கொஞ்ச நாள் ஓட்டிட்டு உர மூட்டைக்குப் பக்கத்துல நிப்பாட்டிட்டாரு. நம்ம ஊரு மூடுபனியும் உர உப்பும் சேந்தா இரும்பு என்னா ஆகும்னு உனக்கு சொல்லத் தேவையில்ல, கால் வைக்கிற தகட்ட அப்பா விரலால அழுத்தினாரு, ஊறுன பிஸ்கட்டு மாதிரி உள்ள போயிருச்சு. நான் வேணாம்னேன். அவரு அந்த ஓட்டை வழியா தரையப் பாத்துக்கிட்டே 60,000ன்னா சும்மா மாதிரி டீச்சர்னாரு.

அன்னைக்கு ஒரு பவுன் நகை 5000 ரூபா கிட்ட வித்துச்சு. அப்ப 12 பவுன். கொப்பியில நான் எப்பவுமே செலவுக்கு பக்கத்துல பென்சில்ல அன்னைய பவுன் வெலையில எத்தன பவுன்னு எழுதி வைப்பேன், உங்க ஆச்சி பழக்கிவிட்டது அது. ரூபாய்க்கு எழுதாத புள்ள, ரூபா நாளைக்கு வேற ஆளாயிரும்னு சொல்லும்.

இப்ப கேளு. 1999ல இருந்து 2003 வரைக்கும் 1,80,000 போச்சு, பவுனுக்கு 29. அதுல பாதிக்கு மேல மரத்துக்குத்தான். டிடி காருக்கு தகட்டுக்கு உள்ள மரச்சட்டம், இங்கிலாந்துல ஆஷ்னு ஒரு மரத்துல செஞ்சதாம், இங்க அது ஏது. அப்பா சவுக்குப் பலகை வாங்கி தச்சு பாஸ்கிட்ட குடுத்தாரு, பலகை சரியா காயல, பூட்டி முடிச்சு ஒரு மழைக்காலம் தாண்டுறதுக்குள்ள முறுக்கிக்கிச்சு, கதவ சாத்துனா மேல ஒட்டும், கீழ இளிக்கும். கழட்டி எல்லாத்தையும் ரெண்டாவதுவாட்டி செஞ்சாங்க. ஒரே வேலைக்கு ரெண்டு தரம் கூலி, கொப்பியில ரெண்டு பக்கத்துல ஒரே சாமான் லிஸ்ட் இருக்கு பாரு, நான் தப்பா திருப்பி எழுதிட்டேன்னு நெனச்சுக்காத.

பொறவு போல்ட் கதை. எஞ்சின அப்பா வராந்தாவுல பிரிச்சு வச்சிருந்தாரு, கொழுந்து சாக்கு விரிச்சு அதுக்கு மேல ஒவ்வொண்ணா. கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து போல்ட் வாங்கிட்டு வந்தாரு, 8 மில்லிமீட்டர், கையால ரெண்டு சுத்து போச்சு, அதுக்கு மேல நகரல. இங்கிலீஸ் போல்ட்டா இருக்கும்னு மறுக்கா போய் இஞ்சிக் கணக்குல வாங்கிட்டு வந்தாரு, அதுவும் ஏறல. ஸ்பேனர் மட்டும் விட்வர்த்னு பழைய இங்கிலீஸ் அளவு ஸ்பேனர்தான் கச்சிதமா ஒக்காருது. மூணு மாசம் மண்டைய ஒடச்சுக்கிட்டாரு. கடைசியில ஒரு வயசான மெக்கானிக்தான் வெளக்கம் சொன்னாரு, அந்த எஞ்சினோட மரை பிரெஞ்சுக்கார அளவு, தலை மட்டும் இங்கிலீஸ்காரன் அளவு. நீ இருக்குற கவென்ட்ரியில ஹொட்ச்கிஸ்னு ஒரு பிரெஞ்சு கம்பெனி எஞ்சின் ஃபெக்டரி வச்சிருந்துச்சாம், 1923ல மோரிஸ் கம்பெனி அத வாங்கினப்ப பிரெஞ்சு மெசினெல்லாம் அப்பிடியே இருந்துச்சாம், மெசின மாத்துறதுக்கு பதிலா மரைய அப்பிடியே விட்டுட்டு அவங்க ஊரு ஸ்பேனருக்கு சரிவர்ற மாதிரி தலைய மட்டும் செஞ்சுட்டாங்களாம். எவனோ ஒருத்தன் அங்க சல்லி மிச்சம் புடிச்சான், அதுக்கு 75 வருசம் கழிச்சு லிந்துலையில நான் சல்லி கட்டுனேன். லேத்துல ஒவ்வொரு போல்ட்டா கடைய வேண்டியதாப் போச்சு.

2004ல இருந்து 2007 வரைக்கும் 2,30,000, பவுனுக்கு 20. பொறவு 2011 வரைக்கும் 2,50,000, அப்ப தங்கம் ஏறிட்டதால அது 9 பவுன்தான். மொத்தம் 7,20,000 ரூபா. 70 பவுன்.

2012ல கொழும்புல இருந்து ஒருத்தர் வந்து 12,00,000 குடுத்து எடுத்துட்டு போனாரு. 13,50,000 தான் பேசுனது. வந்தவரு பேசிக்கிட்டே ஆள்காட்டி விரல கதவு இடுக்குல வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்தாரு, எடது பக்கக் கதவுல கீழ கொஞ்சம் அகலம், ஒரு அரிசி அளவுதான் இருக்கும், ஒண்ணும் சொல்லாம விரல மறுபடி மேல கொண்டு போனாரு. அந்த அரிசிக்கு 1,50,000 கொறச்சாரு. பதிமூணு வருசம் செஞ்சதுல நல்லா செஞ்ச எதையும் அவரு பாக்கல, பிழைய மட்டும்தான் தேடுனாரு. பிழை சொல்ல மாட்டேன், வாங்குறவன் அப்பிடித்தான் பாப்பான், நாளைக்கு நீ விக்கிறப்பவும் அப்பிடித்தான்.

12,00,000ல 7,20,000 கழிச்சா 4,80,000 லாபம்னு அப்பா இன்னைக்கும் ஊரெல்லாம் சொல்லுவாரு. ஆனா அந்த 2012ல பவுன் வெலை 50,000 கிட்ட. கைக்கு வந்தது 24 பவுன். 70 போட்டோம், 24 வந்துச்சு. உன் ஃபீசுக்கும் டிக்கட்டுக்கும் அது பத்தல மகன், மிச்சத்துக்கு பேங்க் லோன் எடுத்தோம், என் கிரெஜுவிட்டி வந்துதான் அத அடைச்சேன். உனக்கு சொல்லல. காருதான் அனுப்புச்சுன்னு நீ நெனக்கிறது அப்பாவுக்கு பிடிச்சிருந்துச்சு, நானும் விட்டுட்டேன். அது தங்கமாவே இருந்திருந்தா லோனே எடுத்திருக்க வேணாம், மிச்சத்துல அக்காவுக்கு வீட்டுக்கு மேல ஒரு தட்டும் போட்டிருக்கலாம்.

இங்க பவுன்னா தங்கம், அங்க பவுன்னா சல்லி, நீ எந்தப் பவுனுல கணக்கு பாக்குறன்னு ஒருக்கா யோசிச்சுக்க.

வித்ததுக்கு பொறவு அந்தக் காருக்கு என்னா ஆச்சுன்னு தெரியுமா, நுவரெலியா ஹோட்டல் கல்யாணங்களுக்கு வாடகைக்கு போவுது, பூ கட்டி. லாபம் பாக்குறது அவருதான். செஞ்சவன்கிட்ட இருந்து செஞ்ச வெலைக்கும் கொறைய வாங்கினவரு. உனக்கு பழைய காரு வேணும்னா நானும் அதத்தான் சொல்லுவேன், இன்னொருத்தன் தூக்கத்தையும் சல்லியையும் கொட்டி முடிச்ச கார வாங்கு, அவன் பொண்டாட்டி சந்தோசமா வித்துத் தருவா.

நீ அனுப்பின மெர்சிடிஸ் நியூசையும் படிச்சேன், 2022ல 135 மில்லியன் யூரோவுக்கு போச்சுன்னு. மகன், அது ரெண்டே ரெண்டு காருதான் செஞ்சது, கம்பெனியே வச்சிருந்து கம்பெனியே வித்துச்சு, அந்த சல்லியும் படிக்கிற புள்ளைங்களுக்கு உதவுற நிதிக்கு போச்சு. யாரும் கராஜ்ல பட்டி போட்டு தேச்சு வித்தது இல்ல. டிடியே கிட்டத்தட்ட 30,000 செஞ்சாங்க. நீ பாக்குற எம்ஜிபி 1962ல இருந்து 1980 வரைக்கும் 5,00,000க்கு மேல. அத்தன இருக்குறதால சாமான் லேசா கெடைக்கும், அது நல்லதுதான், ஆனா அதே காரணத்தால வெலையும் ஏறாது, உனக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சவன் பக்கத்து தெருவுலயே வித்துக்கிட்டு இருப்பான்.

லாபத்துக்கு வரி இல்லன்னு வேற ஷீட்டுல எழுதியிருக்க. தனியாள் காரு வித்தா அந்த ஊருல வரி இல்லன்னா, நட்டம் வந்தா அத வேற வருமானத்துல கழிக்கவும் விடமாட்டான்ல. வராத லாபத்துக்கு வரி இல்லன்னு சந்தோசப்படுற ஒரே ஆளு என் மகன்தான்.

அப்பா இப்ப என்னா சொல்றாருன்னா, 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டுனாங்கல்ல, அப்ப விக்காம வச்சிருந்தா கோடிக்கு போயிருக்கும்னு. மாருதி கூட வாங்குனத விட கூட வெலைக்கு போச்சு, அது உண்மதான். ஆனா 2022ல டொலர் 200ல இருந்து 360க்கு போச்சு, காரு ஏறல, ரூபா விழுந்துச்சு. தங்கமும் அதே ஏணியிலதான் ஏறுச்சு. இத அவருக்கு எத்தனவாட்டி போர்டுல எழுதிக் காட்டுறது.

இவ்வளவுக்கும் பொறவும் வாங்கத்தான் போறன்னா, வீட்டு டெபொசிட்ட தொடாத, அது மருமக சல்லியும்தான். மாசா மாசம் மிச்சம் வர்றதுல செய், கொப்பி போட்டு எழுது, இன்வெஸ்ட்மென்ட்னு மட்டும் அவகிட்ட சொல்லாத, ஆசையா இருக்குன்னு சொல்லு, அவ ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்குவா, நான் ஒத்துக்கிட்டேன்ல. பாக்கப் போறப்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ணு எடுத்துட்டு போ, கதவுக்கு கீழ ரெண்டு பக்கமும் நீளமா ஒரு பெட்டி மாதிரி போவுதாமே, சில்னு சொல்லுவாங்களாம், அதுல வச்சு இழுத்துப் பாரு. ஒட்டாம வழுக்குற எடமெல்லாம் பட்டி. அந்தக் காருக்கு டிடி மாதிரி தனி சேசி இல்லியாம், அந்த சில்லுதான் இடுப்பெலும்பாம், அது போயிருந்தா தொடவே தொடாதன்னு அப்பாவே சொன்னாரு, உனக்கு அத சொல்லியிருக்க மாட்டாரு.

அவரு பஸ்ஸ விட்டு எறங்கிட்டாரு போல, நாய் கொலைக்குது. இன்னொண்ணு மட்டும். கட்டிலுக்கு அடியில பால்மா டின்னு ஒண்ணு இருக்கு, லேத்துல கடஞ்ச போல்ட்டுல மிஞ்சினது, ஒரு நாப்பது இருக்கும். கூட்டுறப்ப எல்லாம் கால்ல இடிக்குது, தூக்கிப் போடவும் விடமாட்டேங்குறாரு. நீ வாங்குறது எம்ஜிபின்னா அதுக்கு இதுல ஒண்ணுகூட ஏறாதாம், கேட்டுட்டேன். டிடியா இருந்தா சொல்லு, யாராச்சும் லண்டன் வந்தா குடுத்து விடுறேன்.

அம்மா