சூலூர், தஞ்சை போர் விமானப் படையணிகளின் வரலாற்றையும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் தேஜஸ் விமானங்களைப் பற்றியும் தஞ்சாவூர்த் தளத்தில் இருக்கும் சுகோய் விமானங்களைப் பற்றியும் தமிழ் நாளிதழ்கள் தொடர்ந்து எழுதி வருகின்றன. விமானத்தின் வேகம் என்ன, விலை என்ன, எந்த ஏவுகணையைச் சுமக்கும், எந்த நாட்டு விமானத்தோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் வாசகர்கள் இப்போது ஓரளவுக்கு அறிவார்கள். ஆனால் அந்த விமானங்கள் எந்த ஸ்குவாட்ரனை, அதாவது எந்த விமானப் படையணியைச் சேர்ந்தவை, அந்தப் படையணி தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தது, எந்தப் போரில் என்ன செய்தது, எதை இழந்தது என்பன போன்ற செய்திகள் ஒரு வரிக்கு மேல் அச்சாவதில்லை; பல நேரங்களில் அந்த ஒரு வரியும் விடுபட்டுப் போகிறது. சூலூர் வட்டாரத்தில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் இந்தக் குறையைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வழக்கமாகப் பதினெட்டு விமானங்கள் கொண்ட ஒரு போர் விமான ஸ்குவாட்ரன் அந்த விமானங்களால் மட்டும் ஆனதன்று. விமானம் இருபது, முப்பது ஆண்டுகளில் பழசாகி ஓய்வு பெற்றுவிடும். விமானிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார்கள். தரைப்படையில் நிலைமை வேறு. வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த ஒருவர் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் அந்த ரெஜிமெண்டின் ஆளாகவே இருக்கிறார். அதன் போர் முழக்கம் அவருடைய ஊருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. விமானப்படையில் ஆட்களும் மாறுகிறார்கள், இயந்திரமும் மாறுகிறது, தளமும் மாறுகிறது. மாறாமல் நிற்பவை ஸ்குவாட்ரனின் எண், அதன் பெயர், இலச்சினை, குறிக்கோள் வாசகம், குடியரசுத் தலைவர் வழங்கும் கொடி, முதல் நாளிலிருந்து எழுதப்பட்டு வரும் நாட்குறிப்பு ஆகியவைதாம். புதிதாகப் பணியில் சேரும் இளம் விமானி தனக்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்பதை இவற்றின் வழியாகவே அறிந்துகொள்கிறார்.

இந்த மரபில் எனக்கு மிகவும் பிடித்தது, ஓய்வு பெற்ற எண்ணை மீண்டும் எழுப்பும் வழக்கமாகும். பழைய விமானங்கள் விடைபெறும்போது, மாற்று விமானங்கள் இன்னும் வந்து சேராத நிலையில், ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டதாக அறிவிப்பதில்லை. அதன் எண்ணை ஒதுக்கி வைக்கிறார்கள். விமானப்படையினர் இதை ‘நம்பர் பிளேட்’ செய்வது என்கிறார்கள். புதிய விமானங்கள் வந்ததும் அதே எண், அதே பெயர், அதே கொடியோடு படையணி மறுபடியும் எழுகிறது. சூலூரில் இருக்கும் 18ஆம் ஸ்குவாட்ரன் இதற்கு நல்ல சான்று. ‘ஃப்ளையிங் புல்லட்ஸ்’, அதாவது பறக்கும் தோட்டாக்கள் என்று பெயர் கொண்ட இப்படையணி 1965 ஏப்ரல் 15 அன்று நேட் விமானங்களோடு தொடங்கப்பட்டது. 2015 நவம்பரில் குடியரசுத் தலைவரின் கொடியைப் பெற்றது. அடுத்த சில மாதங்களிலேயே, சரியாகத் தன் 51ஆம் ஆண்டு நிறைவு நாளான 2016 ஏப்ரல் 15 அன்று, மிக்-27 விமானங்களோடு அதன் எண் ஒதுக்கி வைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 2020 ஏப்ரல் 1 அன்று சூலூரில் மீண்டும் எழுப்பப்பட்டு, மே 27 அன்று அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி பதௌரியா முன்னிலையில் தேஜஸ் விமானங்களோடு பணியைத் தொடங்கியது. ஊரடங்குக் காலமாதலால் அந்த நிகழ்ச்சி நம் மக்கள் மனத்தில் பதியாமலே போனதில் வியப்பில்லை.

அந்தப் படையணியின் பழைய வரலாறும் பதியாமல் போனதுதான் வருத்தம் தருகிறது. இந்திய விமானப்படையின் வரலாற்றில், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர் ஒரே ஒருவர்தாம். அவர், ஃப்ளையிங் ஆஃபீசர் நிர்மல் ஜித் சிங் செக்கோன், இந்த 18ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். ஸ்ரீநகரில் தரையிறங்கி அங்கிருந்து செயல்பட்ட முதல் போர் விமானப் படையணி என்ற பெருமையும் இதற்கு உண்டு. 1971 டிசம்பர் 14 காலை, பெஷாவரிலிருந்து வந்த ஆறு பாகிஸ்தானிய சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் ஓடுதளத்தின் மீது குண்டு வீசத் தொடங்கியபோது, செக்கோன் அந்தக் குண்டுகளுக்கு நடுவே தன் சிறிய நேட் விமானத்தை மேலே எழுப்பினார். குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் மூடுபனியையும் மலைகளையும் அறிந்தவர்களுக்கு அது எத்தகைய முடிவு என்பது விளங்கும். தன்னைவிட எண்ணிக்கையில் பன்மடங்கு அதிகமான எதிரிகளோடு தனியாகப் போரிட்டுப் பகை விமானங்களைத் தாக்கிய அவர், இறுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர் துறந்தார். பஞ்சாபின் லூதியானா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவருக்கும் கொங்கு நாட்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அவருடைய படையணியின் இன்றைய முகவரி கோயம்புத்தூர் மாவட்டம். நேட் விமானங்களும் பெரும்பாலும் இன்றைய தேஜஸைப் போலவே பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் தயாரானவை. இத்தனைக்குப் பிறகும் சூலூர் வட்டாரப் பள்ளி மாணவர்களிடம் செக்கோன் என்ற பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை.

சூலூரின் மற்றொரு தேஜஸ் படையணியான 45ஆம் ஸ்குவாட்ரன், ‘ஃப்ளையிங் டாகர்ஸ்’, வயதில் இதற்கு மூத்தது. 1959இல் வேம்பயர் விமானங்களோடு தொடங்கி, 1961இல் கோவா விடுதலை நடவடிக்கையில் பங்கேற்றது. 1965 செப்டம்பர் 1 மாலை, ஜம்முவின் சம்ப் பகுதியில் முன்னேறிய பாகிஸ்தானிய டாங்கிகளைத் தடுக்கப் பதான்கோட்டிலிருந்து வேம்பயர்கள் அனுப்பப்பட்டன. அக்காலத்துக்கே பழசாகிப்போயிருந்த அந்த விமானங்கள் சேபர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல், ஒரே மாலையில் நான்கு விமானங்கள் வீழ்ந்தன. அதன் பின் வேம்பயர்கள் முன்னணிப் போரிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. 1999 ஆகஸ்ட் 10 அன்று கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தை வீழ்த்தியதும் இதே படையணியின் மிக்-21தான். பெருமைக்குரிய நாளை மட்டும் எழுதிவிட்டு 1965ஆம் ஆண்டின் அந்த மாலையை விட்டுவிடுவது வரலாறு ஆகாது என்பது என் கருத்து. பழைய விமானங்களைக் கொடுத்துப் புதிய எதிரியை எதிர்கொள்ளச் சொன்னால் என்ன நேரும் என்பதற்கு அந்த நாளைவிடத் தெளிவான பாடம் இல்லை. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற பின், அனுமதிக்கப்பட்ட 42 போர் விமான ஸ்குவாட்ரன்களில் 29 மட்டுமே எஞ்சியிருக்கும் இக்காலத்தில், அந்தப் பாடத்தை அடிக்கடி நினைவூட்ட வேண்டிய கடமை பத்திரிகைகளுக்கு இருக்கிறது.

45ஆம் ஸ்குவாட்ரன் 2016 ஜூலை 1 அன்று பெங்களூரில் இரண்டே இரண்டு தேஜஸ் விமானங்களோடு மறுபடியும் தொடங்கப்பட்டபோது சர்வ சமய வழிபாடு நடத்தித் தேங்காய் உடைத்தார்கள். 2018இல் சூலூருக்கு வந்தது. 2024 மார்ச் 8 அன்று ஹிண்டன் தளத்தில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இந்தப் படையணிக்குத் தம் கொடியை வழங்கினார். அமைதிக்காலத்திலும் போர்க்காலத்திலும் ஆற்றிய பணிக்காக ஒரு படையணி பெறக்கூடிய மிக உயர்ந்த மரியாதை அது. நம் மாவட்டத்துப் படையணி ஒன்று அதைப் பெற்றதை அன்றைய உள்ளூர்ப் பக்கங்களில் தேடிப் பார்த்து நான் ஏமாந்தேன்.

தஞ்சாவூரின் 222ஆம் ஸ்குவாட்ரனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘டைகர்ஷார்க்ஸ்’ எனப்படும் அது 1969இல் சுகோய்-7 விமானங்களோடு தொடங்கியது; பின்னர் மிக்-27க்கு மாறியது; எண் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்து, 2020 ஜனவரியில் பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 விமானங்களோடு தஞ்சையில் மீண்டும் எழுந்தது. தென்னிந்தியாவில் நிலைகொண்ட முதல் சுகோய்-30 படையணி அதுவே. தஞ்சைச் செய்திகளில் பிரம்மோஸ் இடம்பெறும் அளவுக்கு அந்தப் படையணியின் அரைநூற்றாண்டு வாழ்வு இடம்பெறுவதில்லை.

தமிழரோடு தொடர்புடைய செய்தியிலும் இதே கதைதான். 2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டு விடுதலையான நாட்களில் அவருடைய குடும்பம், சென்னை வீடு, பூர்விக ஊர் ஆகிய அனைத்தையும் நாம் படித்தோம். அவருடைய மீசைக்குக் கிடைத்த பத்திகளில் பாதியாவது அவருடைய 51ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்திருக்கலாம். ‘ஸ்வோர்ட் ஆர்ம்ஸ்’ என்ற அப்படையணி, செக்கோன் காத்து நின்ற அதே ஸ்ரீநகர்த் தளத்தில் இருந்தது. 2022 செப்டம்பரில் அதன் எண்ணும் ஒதுக்கி வைக்கப்பட்டது. இனி எந்த விமானத்தோடு அந்த எண் எழும் என்பது கவனித்து எழுதத் தக்க செய்தி.

இவையெல்லாம் பிரிட்டிஷ் விமானப்படையிடமிருந்து வந்த வழக்கங்கள், இவற்றைப் போற்ற என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். எண்ணிடும் முறையும் இலச்சினை முறையும் அங்கிருந்து வந்தவை என்பது உண்மையே. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாப்பிட்டி விமானங்களோடு முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது வேறு மாதிரி நம்மிடம் இல்லை. ஆனால் அந்த எண்களின் கீழ் சேர்ந்திருக்கும் கோவாவும் சம்பும் ஸ்ரீநகரும் நம்முடையவை. பாதுகாப்புக் காரணங்களால் இவற்றை எழுத முடியாது என்ற வாதமும் நிற்காது. நான் மேலே சொன்ன பெரும்பாலான தகவல்கள் பாதுகாப்பு அமைச்சகமே செய்திக்குறிப்புகளில் வெளியிட்டவை.

துபாய் விமானக் கண்காட்சியில் 2025 நவம்பர் 21 அன்று தேஜஸ் விமானம் விழுந்து, சூலூரில் பணியாற்றிய விமானி உயிரிழந்தார். அவருடைய உடல் சூலூருக்குக் கொண்டுவரப்பட்டபோது நாங்கள் துயருற்றோம். அந்த நாட்களில் விமானத்தின் ஏற்றுமதி வாய்ப்பு என்னவாகும் என்ற விவாதம் பத்திரிகைகளில் நீண்டது. அந்த விவாதம் தேவைதான். ஆனால் அந்தத் தளத்தில் பணியாற்றுவோர் எத்தகைய மரபில் நிற்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்லும் கட்டுரை ஒன்றாவது அதனோடு வந்திருந்தால், அந்த மரணத்தின் பொருள் எங்கள் ஊர் இளைஞர்களுக்கு இன்னும் தெளிவாகப் புரிந்திருக்கும்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். சூலூர், தஞ்சாவூர்த் தளங்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் விமானத்தின் பெயரோடு ஸ்குவாட்ரனின் எண்ணையும் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். அதற்கு ஒரு வரிதான் செலவாகும். மேலும், ஆண்டுதோறும் டிசம்பர் 14ஐ ஒட்டி வரும் ஞாயிறு மலரில் செக்கோனையும் 18ஆம் ஸ்குவாட்ரனையும் பற்றி, முடிந்தால் தளத்தின் அதிகாரிகளிடம் அனுமதி பெற்று அவர்களுடைய படங்களோடு, ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். கோயம்புத்தூர்ப் பதிப்பில் மட்டும் வெளியிடாமல் எல்லாப் பதிப்புகளிலும் அது வர வேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கும் இதே கடிதத்தின் படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். சூலூர் பேருந்து நிலையத்திலோ தளத்துக்குச் செல்லும் காங்கயம்பாளையம் சாலையிலோ இரு படையணிகளின் வரலாற்றைத் தமிழில் எழுதிய பலகை ஒன்றை நிறுவ முடியுமா என்று அதில் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சூலூர், கோயம்புத்தூர் மாவட்டம்.