பிஜியை உதாரணம் காட்டும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர், லஞ்சம் ஒழிய வேண்டுமானால் இங்கும் ஐந்து வருடம் ராணுவ ஆட்சி வர வேண்டும் என்று எழுதி, அதற்குப் பிஜித் தீவை உதாரணம் காட்டியிருந்தார். டீக்கடையில் எத்தனையோ முறை காதில் விழுந்த பேச்சுதான். ஆனால் பிஜியின் பெயரைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் பாட்டியின் அண்ணன் வட ஆற்காட்டிலிருந்து போய், சென்னையில் கப்பலேறி, அந்தத் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். திரும்பி வரவே இல்லை. அவர் வழிவந்த பிள்ளைகளோடு இன்றும் எங்களுக்குப் பேச்சு உண்டு. நானும் முப்பத்தொரு வருடம் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

2006 டிசம்பர் 5 அன்று ராணுவத் தளபதி பைனிமராமா, அந்த வருடம் மே மாதத் தேர்தலில் ஜெயித்திருந்த லைசேனியா கராசேயின் அரசைக் கவிழ்த்தார். ஊழலைத் துப்புரவு செய்யப் போகிறேன் என்றார். ஊழல் இல்லாத நாடு என்று நானும் சொல்லமாட்டேன். 1990களில் பிஜி தேசிய வங்கி வாராக் கடனில் மூழ்கி 20 கோடி பிஜி டாலருக்கு மேல் நட்டமானது. அத்தனையும் ஜனங்களின் பணம். அதனால் தளபதியின் பேச்சைப் பலர் நம்பினார்கள். நம் வம்சாவளியினர் இன்னும் அதிகமாக நம்பினார்கள். அவர்கள் பட்ட அடி அப்படி. முதல் கூலிக் கப்பலான லியோனிதாஸ் 1879 மே 14இல் அங்கே கரை சேர்ந்தது. சரியாக 108 வருடம் கழித்து, 1987இல் அதே மே 14 அன்று, இந்தியர்கள் பெருமளவில் இடம்பெற்ற அரசை லெப்டினன்ட் கர்னல் ரபூக்கா துப்பாக்கி முனையில் இறக்கினார். 2000 மே மாதம் ஜார்ஜ் ஸ்பைட் என்பவர், முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரான மகேந்திர சௌத்ரியை நாடாளுமன்றத்துக்குள்ளேயே 56 நாள் பிணையாக வைத்திருந்தார். 2006இல் வந்த ராணுவம் 'எல்லோரும் சமம்' என்றதும் சௌத்ரியே அந்த இடைக்கால அரசில் நிதியமைச்சராகச் சேர்ந்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் துப்புரவு செய்ய வந்தவர்களின் கணக்கை யார் பார்த்தார்கள்? 2007 தொடங்கி 2013 வரையிலான தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கைகள் 2014இல் மறுபடி நாடாளுமன்றம் கூடும்வரை ஜனங்களின் பார்வைக்கு வரவில்லை. ஏழு வருடக் கணக்கு! அமைச்சர்கள் என்ன சம்பளம் வாங்கினார்கள் என்பதுகூடச் சில வருடங்கள் வெளியே தெரியாது. 2008இல் சௌத்ரி விலகிய பிறகு பிரதமர், ராணுவத் தளபதி, நிதியமைச்சர் மூன்றும் பைனிமராமா ஒருவரே. ஒரு பஞ்சாயத்தில் பில் எழுதுகிறவரும் பாஸ் செய்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அன்றைக்கே ஆட்சேபித்துத் தணிக்கைத் தடை எழுதிவிட்டுத்தான் நாங்கள் எழுந்திருப்போம். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல. நல்லவரே ஆனாலும் அந்த வவுச்சர் செல்லாது.

நீதிமன்றம் கேட்டது. 2009 ஏப்ரல் 9இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆட்சி சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. மறுநாளே அரசியலமைப்பை ரத்து செய்து, நீதிபதிகள் அத்தனை பேரையும் நீக்கிவிட்டார்கள். செய்தித்தாள் அலுவலகங்களுக்குத் தணிக்கை அதிகாரிகள் வந்தார்கள். நான் செய்தது கணக்குத் தணிக்கை, இது செய்தித் தணிக்கை. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லாகிவிட்டது எனக்கு வருத்தம்தான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை 'பிஜி டைம்ஸ்' சில இடங்களை வெற்றாக விட்டே அச்சானது.

கடிதம் எழுதுகிற நாம் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. 2016இல் 'பிஜி டைம்ஸ்' நிறுவனத்தின் பூர்வகுடி மொழிப் பத்திரிகையான 'நை லலகை'யில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. முஸ்லிம்களைப் பற்றிய தவறான, கடுமையான பேச்சு அதில் இருந்தது. அதை நான் ஆதரிக்கவில்லை. அதற்காக எழுதியவர், ஆசிரியர், வெளியீட்டாளர் என்று எல்லோர் மீதும் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2018 மே மாதம் உயர் நீதிமன்றம் விடுவிக்கும்வரை இரண்டு வருடம் அலைந்தார்கள். இதெல்லாம் தேர்தல் நடத்தி 'ஜனநாயகம் திரும்பியது' என்று சொன்னதற்குப் பிறகு.

அந்தத் தேர்தலுக்கு வருகிறேன். 2014 செப்டம்பர் 17இல் நடந்தது. இனவாரி வாக்காளர் பட்டியலை ஒழித்து எல்லோருக்கும் சம மதிப்புள்ள ஒரே ஓட்டு என்று ஆக்கியதை மனதார வரவேற்கிறேன். ஆனால் வாக்குச் சீட்டில் பெயர் இல்லை, படம் இல்லை, கட்சியின் சின்னமும் இல்லை. வரிசையாக எண்கள் மட்டும். நாடு முழுவதும் ஒரே தொகுதி, 248 வேட்பாளர்கள், நமக்கு வேண்டியவரின் எண்ணைக் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும். நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் யாரையும் கேட்காமல் சின்னத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். எண்கள் மட்டுமே உள்ள சீட்டில் யாருக்கு லாபம்? எட்டு வருடமாக எதிர்ப்பேச்சில்லாமல் செய்தியில் இருந்த ஒருவரின் எண்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். பைனிமராமாவுக்கு மட்டும் 2 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 50 இடங்களில் 32 அவர் கட்சிக்கு. கட்சியின் மொத்த ஓட்டை வைத்தே இடங்கள் என்பதால், சில நூறு ஓட்டு வாங்கியவர்களும் அவர் ஓட்டின் பலத்தில் உறுப்பினர் ஆனார்கள்.

புரட்சிகளால் பதவி இழந்த முன்னாள் பிரதமர்கள் இருவரும் அந்தத் தேர்தலில் நிற்க முடியவில்லை. 1990களின் பங்கு விவகாரம் ஒன்றில் கராசே 2012இல் சிறைக்குப் போனார். வழக்கு நடத்தியது, ராணுவ அரசு 2007இல் ஆணை போட்டு அமைத்த ஊழல் தடுப்பு ஆணையம். சௌத்ரிக்கு அந்நியச் செலாவணி வழக்கில் 20 லட்சம் பிஜி டாலர் அபராதம். இருவரும் குற்றமற்றவர்கள் என்று வாதாட நான் வரவில்லை. அவர்கள் கணக்கைப் பார்த்தவர்கள், தங்கள் கணக்கைத் திறக்கவே முடியாதபடி பூட்டிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கென்யச் சட்ட அறிஞர் யாஷ் கய் தலைமையிலான குழு ஊர் ஊராய்ப் போய் மக்களைக் கேட்டு எழுதிய அரசியலமைப்பு வரைவைத் தள்ளிவிட்டு, 2013இல் அரசு தானே ஒன்றை எழுதிக்கொண்டது. அதன் 10ஆம் அத்தியாயம், புரட்சியிலும் அந்த ஆட்சியிலும் பங்குள்ளவர்கள் மீது வழக்கே கிடையாது என்கிறது. அந்த அத்தியாயத்தை எக்காலத்திலும் திருத்தக் கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறது.

2022 டிசம்பர் தேர்தலில் அந்த ஆட்சி போனது. எண்ணிக்கை நடந்த இரவில் முடிவுகளைக் காட்டிய செயலி நின்று, திரும்பி வந்தபோது முன்னணி மாறியிருந்தது; எதிர்க்கட்சிகள் கொதித்தன. இந்தியாவும் இடம்பெற்ற பன்னாட்டுப் பார்வையாளர் குழு முறைகேடு எதையும் காணவில்லை என்றது. கடைசியில் 28க்கு 27 என்று ஒரே ஓட்டில் ரபூக்கா பிரதமரானார். ஆம், 1987இன் அதே ரபூக்கா. 2023 மே 14இல் இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார். அதை மதிக்கிறேன். ஆனால் அவருக்கும் அந்த 10ஆம் அத்தியாயப் பூட்டு காவலாக இருக்கிறது. பைனிமராமா 2024இல் ஒரு வருடச் சிறைத் தண்டனை பெற்றது, ஒரு பல்கலைக்கழகம் பற்றிய போலீஸ் விசாரணையைத் தடுத்ததற்காக. நாட்டையே பிடித்ததற்கு இன்றுவரை ஒரு கேள்வி இல்லை.

1986 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 48 சதவீதத்துக்கு மேல் இருந்த இந்திய வம்சாவளியினர் 2007இல் 37.5 சதவீதம். என் உறவில் ஒரு குடும்பம் 1988இல் ஆக்லாந்துக்குப் போனது. அக்கா முறையான ஒருத்தி மட்டும் பிஜியில் உள்ள லம்பாசா ஊரை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள். நான்கு புரட்சிகளையும் பார்த்தவள். 1987இல் மட்டுமே இரண்டு. சென்ற இதழில் எழுதிய அன்பர் விரும்பினால் தொலைபேசியில் அவளோடு பேச வைக்கிறேன். நல்ல தமிழ் வராது. ஆனால் ராணுவ ஆட்சியைப் பற்றி அவள் சொல்வது அவருக்குப் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை ஆய்வாளர்,
வேலூர்