அக்காவுக்கு, இஸ்தான்புல் பற்றி

அக்கா,

நான் இஸ்தான்புல் போய் வந்து இந்த அக்டோபரோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊர் எப்படி இருந்தது என்று நீ இன்னும் கேட்கவில்லை. கேட்பாய் என்று காத்திருந்தேன். இனி காத்திருக்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் நம்மில் ஒருத்தி பாதியில் வைத்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே நீ ஏன் வரவில்லை என்பதை எழுதமாட்டேன். சித்திக்கும் மாமாவுக்கும் அது தெரிய வேண்டியதில்லை. உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

முதல் நாள் எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. விமான நிலையம் கருங்கடல் பக்கம், நகரத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. பேருந்தில் ஏறி உட்கார்ந்து எவ்வளவு நேரம் போனாலும் ஒரு குவிமாடம் கண்ணில் படவில்லை. நெடுஞ்சாலை, அடுக்குமாடிகள், இன்னும் கட்டி முடிக்காத அடுக்குமாடிகள், வாகன நெரிசல். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழ்கிற ஊர் வேறு எப்படி இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. நீயும் நானும் இத்தனை வருஷமாக வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தது பழைய நகரத்தை மட்டும்தான். மூன்று பக்கம் தண்ணீர், நான்காவது பக்கம் ரோமப் பேரரசர் தியடோசியஸ் காலத்து மதில். அந்த மதிலுக்கு வெளியே யார் வாழ்கிறார்கள் என்று நாம் ஒருநாளும் யோசித்ததில்லை.

பழைய நகரத்துச் சுல்தானகமெத் பகுதிக்கு வந்து இறங்கியதும் வேறு தொல்லை. ஒரு பெண் தனியாக நடந்தால் பத்தடிக்கு ஒருவர் ‘எந்த நாடு?’ என்று ஆரம்பிக்கிறார். பதில் சொன்னால் கடைக்குள் வந்து தேநீர் குடிக்கச் சொல்வார், குடித்தால் கம்பளத்தை விரிப்பார். கலாட்டா பாலத்தின் அருகே ஷூ பாலிஷ் போடுகிறவர் ஒருவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய பிரஷ் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். நன்றிக்கு என்று சொல்லி என் ஷூவைத் துடைக்க உட்கார்ந்தார். முடித்ததும் காசு கேட்டார், கொடுத்தது போதாது என்று குரலை உயர்த்தினார். பிரஷ் விழுவதே திட்டம்தான், பயணிகளிடம் ரொம்ப நாளாக நடக்கிற வித்தை என்று தங்கியிருந்த இடத்தில் சொன்னார்கள்.

காசு போனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கப்புறம் யார் பேச வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதுதான் வருத்தம். நிஜமாகவே வழி சொல்ல வந்த ஒரு பெரியவரிடமும் அப்படித்தான் நடந்துகொண்டேன். நீ கூட இருந்திருந்தால் ராத்திரி அறையில் இதைப் பேசிப் பேசித் தீர்த்திருப்போம். தனியாக இருக்கும்போது ஒரு சின்ன விஷயம்கூட உள்ளேயே தங்கிவிடுகிறது.

உணவகங்களில் விலைப்பட்டியலில் பழைய விலையின் மேல் புது விலையை ஒட்டியிருந்தார்கள், சில இடங்களில் அதன் மேல் இன்னொன்று. 2022 அக்டோபரில் அங்கே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. எனக்கு அது ஒரு சாப்பாட்டு நேரத்து எரிச்சல். அந்த ஒட்டுத் தாளை மாற்றுகிற பையனுக்கு அதுதான் வாழ்க்கை. இதை யோசித்தபிறகு விலையைப் பற்றி முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

சரி, ஹாகியா சோஃபியா, தேவாலயமாகக் கட்டி, பிறகு பள்ளிவாசலாகி, அப்புறம் அருங்காட்சியகமான அந்தக் கட்டடம். இதைத்தானே சொல்ல வந்தேன்.

நீ கல்லூரியில் வரலாறு படித்த நாளிலிருந்து ஆசைப்பட்டது ஒன்றுதான்: குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். 532-இல் தொடங்கி 537-க்குள் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்தது, 558-இல் குவிமாடம் இடிந்து விழுந்ததும் மறுபடி எழுப்பியது, 31 மீட்டர் அகலம், தரையிலிருந்து 55 மீட்டர் உயரம், எல்லாமே நீ எனக்குச் சொன்னதுதான். உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். நம்மைப் போல வருகிறவர்கள் இப்போது அந்த இடத்தில் நிற்க முடியாது.

2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல், 25 யூரோ கட்டணம், மேல் மாடம் மட்டும். கீழ்த்தளம் தொழ வருகிறவர்களுக்கு. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. தொழுகிற இடத்தில் கேமராவோடு ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் நடப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் நீயே கணக்குப் போட்டுப் பார். 2019-இல் நாம் முதன்முதலாகத் திட்டம் போட்டபோது அது அருங்காட்சியகம். 2020-இல் மறுபடி பள்ளிவாசல் ஆனது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் உலகமே வீட்டுக்குள் இருந்தது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 2022-இல் விசா நம் கையில் இருந்தது. அப்போது கட்டணம்கூடக் கிடையாது. ஷூவைக் கழற்றி, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நீ நினைத்த இடத்தில் போய் நின்றிருக்கலாம். அடுத்த வருஷம் போகலாம் என்றாய். 2023 பிப்ரவரியில் துருக்கியின் தென்கிழக்கில் அந்தப் பயங்கரமான நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு நீ பேச்சையே எடுக்கவில்லை.

மேல் மாடத்தின் பளிங்குத் தடுப்பில் சாய்ந்து கீழே பார்த்தேன். தரை முழுக்கப் பச்சை விரிப்பு. எல்லாம் அடங்கின மாதிரி ஒரு நேரம் அது, தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். நடுவில், குவிமாடத்துக்குக் கீழே, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கையையும் காலையும் பரப்பிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை. ஒருதரம் உருண்டாள், எழுந்து உட்கார்ந்தாள், திரும்பவும் அதே இடத்தில் படுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்து ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். அந்தக் குழந்தை படுத்திருந்த இடம் உன்னுடையது. அதை நீயே விட்டுக்கொடுத்தாய், கூடவே என்னையும் இத்தனை வருஷம் கட்டிப்போட்டாய். ஒவ்வொரு தடவையும் விடுமுறையை எடுத்து, பிறகு ரத்து செய்து, மேலாளரிடம் ஏதாவது காரணம் சொன்னது நான்தான். நீ ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

அப்படியும் கைப்பேசியை எடுத்தேன். வீடியோவில் அந்தச் சிறுமியைக் காட்டினால் உன் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். உன் பெயரை எடுத்துவைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் எங்கே இருக்கிறாய் என்றுதான் நீ முதலில் கேட்பாய். அலுவலக வேலையாகப் போகிறேன் என்றல்லவா சொல்லியிருந்தேன். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கடைசியில் நீ யாரோ காட்டிய புகைப்படத்தில்தான் தெரிந்துகொண்டாய். அது உனக்கு எப்படி வலித்திருக்கும் என்று புரிகிறது. மன்னித்துவிடு, சொல்லாமல் போனதற்கு. போனதற்கு இல்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் பொறு என்றிருப்பாய். நானும் பொறுத்திருப்பேன், அந்தப் பயம்தான். நீ சொல்லி நான் மறுத்த பழக்கம் நம் வீட்டில் இல்லை. இதற்கு மேல் இங்கே எழுதினால் அம்மா வருத்தப்படுவாள்.

அப்புறம் உன் வைக்கிங்கைத் தேடிப் போனேன், வட ஐரோப்பாவிலிருந்து வந்த எவனோ ஒருவன் கல்லில் கீறிவிட்டுப் போன அந்தப் பெயரை. தெற்கு மாடத்துத் தடுப்பில்தான் இருக்கிறது, நீ சொன்ன அதே இடம். ஹல்ஃப்தான் என்று யூகிக்கிற அளவுக்குப் பெயரின் கீறல் மிஞ்சியிருக்கிறது, மற்றதெல்லாம் தேய்ந்துவிட்டது. நீளமான பூசையில் அலுத்துப்போய் எவனோ காவல்காரன் கத்தியால் கீறியிருப்பான் என்பாய். அங்கே நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றைப் பார்த்துவிட்டு, நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லாமல் கல்லிடம் சொல்லியிருக்கிறான். நீ இதை ஒப்புக்கொள்ளமாட்டாய். ஆனால் நான் அங்கே நின்றேன் அக்கா, நீ நிற்கவில்லை.

பக்கத்திலேயே டீசிஸ் மொசைக், மரியாளுக்கும் யோவானுக்கும் நடுவில் கிறிஸ்து இருக்கிற, சின்னத் துண்டுகள் பதித்த சுவர்ச் சித்திரம். கீழ்ப்பகுதி பெரும்பாலும் உதிர்ந்து, முகங்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. உன் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கிறிஸ்துவின் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்மேல் இருந்த கோபம் தணிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் எமினோனுவில் படகு ஏறினேன். டிராமுக்கும் மெட்ரோவுக்கும் உள்ள அதே அட்டையைத் தட்டினால் போதும், இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு, காடிகோய்க்குப் போய்விடலாம். படகில் இருந்தவர்கள் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். ஒருவரும் என்னிடம் எந்த நாடு என்று கேட்கவில்லை. கடற்பறவைகள் படகின் கூடவே பறந்து வந்தன, பிள்ளைகள் எறிந்த ரொட்டித் துண்டுகளை அந்தரத்திலேயே கவ்வின. காற்றடிக்கிற பக்கம் நான் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அம்மா வயதுள்ள ஒரு பெண்மணி தன் பக்கத்தில் இடம் காட்டினார். தட்டில் தேநீர் கொண்டுவந்தவரிடம் இரண்டு கிளாஸ் வாங்கினார். தன்னுடைய சிமித்தை, எள் தூவிய அந்த வளைய ரொட்டியை, பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார். என் கை தானாகப் பின்னால் போனது. பிரஷ் ஞாபகம். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஹைதர்பாஷா ரயில் நிலையம் தண்ணீர் ஓரத்தில் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழமையான கட்டடம். அவர் அதைக் காட்டி என்னவோ நிறையச் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அவரும் நிறுத்தவில்லை. இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஊர் எனக்கு அப்போதுதான் பிடித்தது. காடிகோயின் தெருக்களில் கடைவாசலுக்குக் கடைவாசல் பூனைகளுக்குத் தண்ணீரும் தீனியும் வைத்திருக்கிறார்கள். மோடா கடற்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன், இருட்டிய பிறகும். சுற்றிலும் குடும்பங்கள், ஜோடிகள், தனியாக உட்கார்ந்திருந்த பெண்கள். நீ வந்திருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பலாம் என்றிருப்பாய், நானும் கிளம்பியிருப்பேன். நீ இல்லாதது அன்று எனக்கு நன்றாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் ஒரு வருஷம் ஆனது.

ஆனாலும் சந்தையில் ஆலிவ் குவியலுக்கு முன்னால் நின்றபோது இரண்டு பேருக்கு அளந்து வாங்கினேன். ஒரு வாரம் அதையே சாப்பிட்டேன்.

இப்போது மறுபடி ரெண்டு பேரும் சேர்ந்து போய்வாருங்களேன் என்று சித்தி சொல்கிறாள். நான் வரமாட்டேன். யோசித்துத்தான் சொல்கிறேன், கோபத்தில் இல்லை. கோபமும் கொஞ்சம் இருக்கிறது. நீ தனியாகப் போ. உன்னால் முடியாது என்று வீட்டில் சொல்வார்கள், நீயே முதலில் சொல்வாய். அதை நம்பாதே.

ஹாகியா சோஃபியாவுக்குக் காலையில் திறந்ததும் போய்விடு. அங்கே கீழே நிற்க முடியாததற்கு ஈடு என்று சொல்லமாட்டேன், ஆனால் சுலைமானியே பள்ளிவாசலுக்குக் கட்டாயம் போ. ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் 1557-இல் முடித்தது. கட்டணம் கிடையாது, தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் உள்ளே விடுகிறார்கள், விரிப்பில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். பின்பக்க முற்றத்திலிருந்து பொன்கொம்பு வளைகுடா முழுதும் தெரியும். கலாட்டா பாலத்தில் எது கீழே விழுந்தாலும் எடுக்காதே. படகில் யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்.

என் பயண அட்டையில் கொஞ்சம் லிரா மீதி இருக்கிறது. அம்மாவிடம் கொடுத்துவைத்திருக்கிறேன், நீ நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எப்போது போகிறாய் என்று எனக்குச் சொல்லவேண்டும் என்று இல்லை.

உன் தங்கை