பழசை மறக்கத்தான் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'பழசை மறந்துவிட்டு எதிர்காலத்தைப் பார்' என்று அறிவுரை சொல்வது சுலபம். நம் மூளை அப்படிப் பிரித்து வேலை செய்வதில்லை. எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் ஆராய்ந்த ஒருவருக்கு 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டது. அப்புறம் தன் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட அவரால் நினைவுகூர முடியவில்லை. பேச்சு, பொது அறிவு எல்லாம் இருந்தன, சதுரங்கம்கூட ஆடினார். சரி, நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், மனம் வெறுமையாக இருக்கிறது என்றார். நேற்றோடு அவருடைய நாளையும் போய்விட்டது!

இதற்கு நேர்மாறான திசையும் உண்டு என்பது என் அனுபவம். இருபத்து மூன்று வயதில் ஒரு வேலை கைநழுவியதை வெகுகாலம் அவமானமாகவே சுமந்தேன். சொந்தமாகத் தொழில் செய்யும் ஆசை வந்த பிறகு, அதே நாளை நினைத்தால் 'நல்லவேளை' என்கிறது மனம். நடந்தது என்னவோ ஒன்றுதான். ஆசை மாறியதும் நினைவின் நிறமும் மாறிவிட்டது.

அந்த நிராகரிப்புக் கடிதம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. தூக்கிப் போடச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்