ஒற்றை ஆளாகச் சுமப்பதானால்

அன்புள்ள பாப்பா,

இசை விழாவுக்குக் கொண்டுபோகும் பொருள்களைத் தரையில் பரப்பிப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா, அதை அவள் எனக்குக் காட்டினாள். பச்சைக் கூடாரம், மடக்கு நாற்காலி, தலைவிளக்கு, தண்ணீர்க் கேன், துணிப்பை, ஒரு பாய், ஒரு படுக்கைப் பை. எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் வைத்திருந்தாய். அந்த ஒழுங்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். போகட்டும்.

பச்சைக் கூடாரம் நான்கு பேர் படுக்கிற கூடாரம். அதை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கித்தான் நான் பார்த்திருக்கிறேன்.

என் வேலைக்காலம் முழுவதும் சரக்குக் கிடங்கில் கழிந்தது. ஒரு பொருளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, பொருளுக்கும் ஆளுக்கும் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பது எனக்குத் தெரியும். உன் சின்னச் சித்தப்பாவின் தோளுக்கு என்ன ஆயிற்று என்பதும் உனக்குத் தெரியும். அதனால் காரிலிருந்து கூடாரம் போடும் இடம் வரைக்கும் உள்ள தூரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மாப்பிள்ளை கூட வருகிறார் என்றால் இதில் பாதி தேவைப்படாது. வருகிறாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒருத்திக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தூரத்தைக் குறைத்து எண்ணாதே. வாகனங்களை ஒரு வயலில் நிறுத்தச் சொல்வார்கள்; கூடாரங்கள் வேறு வயலில் இருக்கும்; நடுவில் நுழைவாயில், பை சோதனை, வரிசை. பெரிய விழாக்களில் சுமையோடு அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெத்தேல் என்னும் ஊரில் நடந்த வுட்ஸ்டாக் விழாவைப் பற்றிப் படித்தேன். நெரிசலில் சாலை அடைத்துக்கொள்ள, ஜனங்கள் கார்களை வழியிலேயே விட்டுவிட்டு மைல் கணக்கில் நடந்தார்களாம். பாடுகிறவர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்க வேண்டியதாயிற்று. இப்போது ஏற்பாடுகள் எவ்வளவோ மேல் என்று நீ சொல்வாய். சரிதான், ஆனால் சுமப்பவளுக்கு ஹெலிகாப்டர் வராது.

வீட்டிலேயே ஒவ்வொரு மூட்டையையும் எடை பார்த்துவிடு. எடை பார்க்கும் கருவியில் வெறுங்கையோடு ஒருமுறை ஏறு, மூட்டையோடு ஒருமுறை ஏறு, கழித்தால் தெரிந்துவிடும். ஒருவர் தூக்கக்கூடிய பாரத்தைக் கணக்கிட அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தி அமைத்த சூத்திரம் ஒன்று உண்டு. அதில் எல்லாம் சாதகமாக இருக்கும்போது உச்ச அளவு 23 கிலோ. சாதகம் என்றால் பாரம் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், உடம்பைத் திருகாமல் தூக்க வேண்டும், பிடி நன்றாக இருக்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்று கெடும்போதும் அந்த 23 இறங்கிக்கொண்டே போகும். கார் டிக்கியின் ஆழத்திலிருந்து குனிந்து, கையை நீட்டி, இடுப்பைத் திருப்பி இழுக்கிறாயே, அப்போது எல்லாமே ஒன்றாகக் கெடுகிறது. நடந்து முதுகு பிடித்துக்கொள்வதைவிட டிக்கி அருகில் பிடித்துக்கொள்வதே அதிகம் என்று நினைக்கிறேன். மூட்டையை முதலில் டிக்கியின் விளிம்புக்கு இழுத்துவிடு. பிறகு உடம்போடு அணைத்து, காலைத் திருப்பி நின்று தூக்கு. இடுப்பைத் திருப்பாதே.

தண்ணீரை வீட்டிலிருந்து சுமக்காதே. ஒரு லிட்டர் ஒரு கிலோ. படத்தில் இருந்த கேனை நிரப்பினால் கூடாரத்தைவிடக் கனக்கும். கூடார வயலில் குழாய் இருக்கிறதா என்று விழாவின் அறிவிப்பில் பார்த்துவிட்டு, கேனைக் காலியாகக் கொண்டுபோ. குடிப்பதற்கு மட்டும் கையில் ஒரு பாட்டில். அதுவும் கண்ணாடி வேண்டாம், பல இடங்களில் வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோகப் பார்க்காதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும். இரண்டு தோளிலும் மாட்டி, இரண்டு கையிலும் பிடித்து, கழுத்திலும் ஒன்று தொங்கவிட்டுக்கொள்வாய். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் பள்ளிக்கூடப் பையைப் பாட்டி கேட்டாலும் கொடுக்கமாட்டாய். தெருவில் எல்லோரும் அதைப் பெருமையாகப் பேசினார்கள், நானும் பேசினேன்.

இரண்டு நடை வைத்துக்கொள். கணக்கும் தெரிந்திருக்கட்டும்: இரண்டு நடை என்றால் தூரம் மூன்று மடங்கு, ஏனென்றால் நடுவில் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பி வருகிறாய். மூன்று நடை என்றால் ஐந்து மடங்கு. ஒரு கிலோமீட்டர் வழிக்கு மூன்று நடை போனால் ஐந்து கிலோமீட்டர் நடந்திருப்பாய். ஆகவே இரண்டுக்கு மேல் போகாதபடி பொருளைக் குறை. நாற்காலி உனக்குத் தேவையா? யோசி. அடுப்பைப் படத்தில் காணோம், அது நல்லது. யாராவது கொடுத்தாலும் அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதே, அணைந்து ஆறுவது போலத் தெரிந்தாலும் கொண்டுபோகாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிர்கிறது என்றால் இன்னொரு சட்டை போட்டுக்கொள். இதை ஏற்கெனவே சொல்லியிருப்பேன், மறுபடியும் சொல்கிறேன்.

முதல் நடையில் கூடாரம், முளைகள், சுத்தியல், பாய், தலைவிளக்கு, மழைச் சட்டை. இவ்வளவுதான். போய் இடம் பார்த்துக் கூடாரத்தை நிறுத்திவிடு. தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம். நடைபாதையின் ஓரமும் வேண்டாம், இருட்டில் வருகிறவர்கள் கயிறு தடுக்கி உன் மேல் விழுவார்கள். தீயணைப்பு வண்டிக்காக விட்ட வழியில் போட்டால் எழுப்பிவிடுவார்கள். நின்ற கூடாரத்துக்குள் இரண்டாவது நடையின் பொருள்களைக் கொண்டுவந்து வைத்தால் மழை வந்தாலும் கவலையில்லை. படுக்கைப் பையை மட்டும் தண்ணீர் புகாத பையில் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டு. இறகு அடைத்த பை நனைந்தால் அன்று இரவு சூடு தராது.

இரண்டு பேர் என்றால் ஒருவர் கூடாரத்தின் அருகில் இருக்க, ஒருவர் இரண்டாவது நடை போகலாம். ஒருத்தி என்றால் பணம், சாவி, கைப்பேசி, மருந்து நான்கும் எப்போதும் உடம்பிலேயே இருக்கட்டும்.

கூடாரத்தை அது வந்த பையோடு அப்படியே தூக்காதே. இரண்டு பேர் பிடிப்பதற்காகச் செய்த நீளம் அது. கம்பிகளையும் முளைகளையும் தனியே எடுத்துக் கட்டு. துணியை மட்டும் முதுகுப் பையில், முதுகை ஒட்டினாற்போல், தோள்பட்டைகளுக்கு நடுவில் வருகிற மாதிரி வை. இடுப்புப் பட்டையை இறுக்கிப் போடு. பாரம் இடுப்பு எலும்பில்தான் உட்கார வேண்டும், தோள் வார் பையைப் பின்னால் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். முதுகில் சுமப்பது உன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஒரே கையில் கனமாகத் தொங்கவிட்டு நடக்காதே. இரண்டு கைக்கும் பிரித்தால் முதுகெலும்பு நேராக நிற்கும்.

வண்டி இருக்கிறதே என்பாய். உன் அண்ணன் கொடுத்த மடக்கு வண்டியின் சக்கரம் ஒல்லி. சிமெண்டுத் தரையில் அது சுகமாக ஓடும். ஈரப் புல்லில் சக்கரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், பிறகு நீ இழுப்பது வண்டியை இல்லை, ஏரை. யாரிடமாவது அகலமான டயர் வைத்த வண்டி இருந்தால் கேட்டு வாங்கு. முன்னதாக, விழாவில் வண்டிகளை எதுவரை விடுகிறார்கள் என்று விதிகளைப் படித்துவிடு. கனமானதை அடியில், இரண்டு அச்சுக்கும் நடுவில் வை. உயரமாக அடுக்கினால் முதல் குழியிலேயே கவிழும். கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம். அது இளகிக்கொடுக்கும், விடுபட்டால் கண்ணில் அடிக்கும். இறுக்கிப் பூட்டுகிற நாடா வாங்கு.

சேற்றில் வண்டியைத் தள்ளாதே, இழு. தள்ளும்போது உன் கை பாரத்தைக் கீழே அழுத்துகிறது, இழுக்கும்போது முன்சக்கரம் சற்று எழும்புகிறது. சரிவில் இறங்கும்போது வண்டியைத் திருப்பிக்கொள்: கைப்பிடி மேட்டுப் பக்கம் இருக்கட்டும், வண்டி உனக்கு முன்னே இறங்கட்டும், நீ பின்னால் நின்று பிடித்தபடி வா. இல்லாவிட்டால் குதிகாலில் வந்து மோதும். இரண்டு பேர் என்றால் ஒருவர் கைப்பிடி, ஒருவர் பின்னால் கை வைத்தால் போதும்.

களைத்தால் நின்றுவிடு. தரையில் இறக்கினால் மறுபடி தரையிலிருந்து தூக்க வேண்டும், ஒற்றை ஆளுக்கு அதுதான் கஷ்டம். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அங்கே அது இருக்காது. வேலிக்கட்டை, திண்டு, மேடு எதையாவது பார்த்து அதில் இறக்கு.

இங்கே எல்லோரும் நலம். அண்ணன் வீட்டுச் சின்னவன் நடக்கிறான். மேல்மாடிக் கசிவை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேசுவார். கொஞ்ச காலமாகப் பேசவில்லை. நானும் அவரை அழைக்கவில்லை. உன்னை முந்திக்கொண்டு அவரிடம் கேட்பது முறையல்ல என்று இருந்துவிட்டேன். அம்மா உன்னிடம் கேட்கப் பார்க்கிறாள், நான்தான் தடுத்துவைத்திருக்கிறேன். நீ சொல்லும்போது கேட்டுக்கொள்வோம். அழைத்தால் ‘வேலையாக இருக்கிறேன்’ என்று வைத்துவிடுகிறாய், அது மட்டும் எங்களுக்குத் தாங்கவில்லை. வேலையைப் பற்றியாவது இரண்டு வார்த்தை சொல்லலாம்.

தனியாகக் கார் ஓட்டி, தனியாகக் கூடாரம் போட்டு, பிடித்த பாட்டைக் கேட்கப் போகிற பெண் என் மகள் என்பதில் எனக்குக் கர்வம்தான். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூட யாராவது இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: வழியில் யாரிடமாவது ‘கொஞ்சம் பிடிக்கிறீர்களா’ என்று கேள். கிடங்கில் எவ்வளவு பலசாலியும் நீளமான சரக்குக்கு இன்னொருவனைக் கூப்பிடுவான். கூப்பிடாதவனைத்தான் நாங்கள் கவலையோடு பார்ப்போம். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருவார்கள், கேட்டால் ஒரு கை கொடுக்காமல் போகமாட்டார்கள். பதிலுக்கு நீயும் அவர்கள் கூடாரத்தின் ஒரு முனையைப் பிடி. கேட்கத் தயங்காதே பாப்பா. எதற்கும் தயங்காதே. எங்களிடமும்.

நான் வரட்டுமா என்றால் வந்துவிடுவேன். டிக்கெட் இல்லாதவனை உள்ளே விடமாட்டார்கள், தெரியும். வாயில் வரைக்கும் வண்டியை இழுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

கார் நிற்கும் வரிசையின் எண்ணை, இறங்கியவுடன் படமெடுத்துக்கொள். இருட்டில் எல்லாக் கார்களும் ஒரே மாதிரி இருக்கும், கூட்டத்தில் கைப்பேசி வேலை செய்யாமலும் போகலாம். திரும்பும்போது கூடாரத் துணி ஈரத்தில் கூடுதலாகக் கனக்கும், உனக்கும் தூக்கமில்லாமல் உடம்பு தளர்ந்திருக்கும். அந்த நடையைத்தான் எல்லோரும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், சிலர் கூடாரத்தையே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்களாம். பச்சைக் கூடாரத்தை விட்டுவிட்டு வராதே. தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, அவசரமில்லாமல் இரண்டு நடையாகக் கொண்டுவா. அலுப்போடு கார் ஓட்டாதே.

நீண்ட பதில் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. எத்தனை மூட்டை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, எதை யார் சுமப்பது என்று மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா